டிராம் டிக்கெட்டிலிருந்து வான்பாலம் வரை

மேயர்கள் எழுப்பிய நாடு – 7

1927 மார்ச் வரை, பெர்லினில் டிராமில் ஏறி, பாதி வழியில் சுரங்க ரயிலுக்கு மாறி, கடைசியில் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும் தொழிலாளி மூன்று டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. டிராம் ஒரு நிறுவனம், சுரங்க ரயில் இன்னொன்று, பஸ் மூன்றாவது. ஒன்றின் பயணிகளை ஒன்று பறித்துக்கொண்டு ஓடின. லாபம் வரும் தடத்தில் மூன்றும் மோதும். நகரத்தின் ஓரத்தில் கூலிக்காரர்கள் குடியிருந்த பேட்டைகளுக்கு ஒன்றும் வராது. அந்த மார்ச்சில் நிலைமை மாறியது. 20 பெனிக் கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கினால் போதும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு முடிவதற்குள் மூன்று நிறுவனங்களும் மாநகராட்சியின் கைக்குள் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. 1929 ஜனவரி 1 முதல் இயங்கத் தொடங்கிய பி.வி.ஜி. என்ற அந்தப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இன்றும் பெர்லின் பஸ்களில் இருக்கிறது.

இதைச் செய்து முடித்தவர், 1926 அக்டோபரில் பெர்லின் நகர ஆட்சிக்குழுவில் போக்குவரத்துத் துறைக்குப் பொறுப்பேற்ற 37 வயது சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். உலகம் அவரை வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது. 1948 செப்டம்பரில், இடிந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால், லட்சக்கணக்கானோர் நடுவே உலகத்தை நோக்கி அவர் பேசிய பேச்சு ஜெர்மன் பள்ளிப் பாடம்வரை போயிருக்கிறது. அந்தப் பேச்சின் ஒளியில் டிக்கெட்டும் தண்டவாளமும் மறைந்துவிட்டன. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. முற்றுகையிடப்பட்ட நகரத்தைத் தாங்கிப் பிடித்தவரின் வலிமை, அந்த நகரத்தின் கம்பிகளும் குழாய்களும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் இருந்தது. ஆகவே இந்த அத்தியாயம் பேச்சுக்கு முன்னால் வெகுதூரம் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

ராய்ட்டர் 1889 ஜூலை 29 அன்று ஆப்பன்ராடே என்ற ஊரில் பிறந்தார். அன்று ஜெர்மனியிலும் இன்று டென்மார்க்கிலும் இருக்கும் ஊர் அது. மாலுமிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தந்தை குடும்பத்தோடு லேர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். கட்டுப்பாடான, பக்தியுள்ள, பேரரசர் பெயர் சொன்னால் எழுந்து நிற்கும் வீடு. பையன் மார்புர்க், மியூனிக், மியூன்ஸ்டர் என்று படித்து ஆசிரியர் தேர்வில் தேறினான். 1912இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தான். வீட்டார் உறவை முறித்தார்கள். அரசுப் பள்ளியில் வேலைக்கும் வழியில்லாமல் போனது. போர் வந்தபோது அதை எதிர்த்து அமைதி இயக்கத்தில் வேலை செய்தவரை 1915இல் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு கிழக்கு முனையில் தொடையில் பலத்த காயம், ரஷ்யர்களிடம் பிடிபட்டார். வாழ்நாள் முழுவதும் அவர் கைத்தடியோடு நடந்ததற்கு அந்தக் காயமே காரணம்.

போர்க்கைதி முகாமில் ரஷ்ய மொழி கற்றார். டூலா நகரத்தருகே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். புரட்சி வந்ததும் அதன் பக்கம் சாய்ந்தார். 1918இல் வோல்கா நதிக்கரையில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஜெர்மன் குடியானவர்களின் பகுதிக்கு ஆணையராக லெனின் அரசு அவரை சரத்தோவ் நகரத்துக்கு அனுப்பியது. தேசிய இனங்களுக்கான துறை அப்போது ஸ்டாலின் பொறுப்பில் இருந்ததால், ராய்ட்டரின் நேர் மேலதிகாரி ஸ்டாலின். சரியாக 30 ஆண்டு கழித்து இதே இருவரும் பெர்லினுக்காக எதிரெதிரே நிற்கப்போகிறார்கள். தானியம் சேகரிப்பது, பள்ளிக்கூடம் திறப்பது, பஞ்சாயத்துகளை அமைப்பது என்று சரத்தோவில் கழிந்த மாதங்களில்தான் ராய்ட்டர் நிர்வாகத்தின் ருசியை முதன்முதலில் கண்டார். அந்த ஆண்டு இறுதியில் அவர் ஜெர்மனி திரும்பியபோது லெனின், ஜெர்மன் சோஷலிஸ்ட் தலைவர் கிளாரா செட்கினுக்கு எழுதிய கடிதத்தில் அவரை அறிமுகப்படுத்தினார்: இளைஞர் ராய்ட்டர் மிகக் கூர்மையான, தெளிந்த மூளை, ஆனால் சற்று அதிகமாகவே சுயமாக நடப்பவர்.

லெனின் சொன்ன அந்த இரண்டாம் பாதி ராய்ட்டரின் கட்சி வாழ்க்கை முழுவதையும் விளக்கும். "ஃபிரீஸ்லாண்ட்" என்ற புனைபெயரில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் மளமளவென்று உயர்ந்து 1921இல் அதன் பொதுச்செயலாளரானார். அந்த மார்ச்சில் கட்சி நடத்திய ஆயுதக் கிளர்ச்சி படுதோல்வி அடைந்திருந்தது. தொடக்கத்தில் அந்தக் கிளர்ச்சியின் பக்கம் உறுதியாக நின்றவர்களில் ராய்ட்டரும் ஒருவர். இதை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுதக்கூடாது. ஆனால் மாஸ்கோவிலிருந்து வரும் தூதர்கள் கட்சியின் தலைமையைத் தங்கள் விருப்பப்படி ஆட்டிவைப்பதைப் பொதுச்செயலாளர் நாற்காலியில் இருந்து பார்த்த பிறகு அவரால் வாய்மூடி இருக்க முடியவில்லை. சில மாதங்களிலேயே பதவி போனது. 1922 ஜனவரியில் கட்சியும் வெளியேற்றியது. அந்த ஆண்டிலேயே அவர் பழைய சமூக ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பி, அதன் நாளிதழான ஃபோர்வெர்ட்ஸில் எழுதத் தொடங்கினார். கட்சி மாறியவர் என்ற ஏச்சு இரு பக்கத்திலிருந்தும் வந்தது. பழைய தோழர்களுக்கு அவர் துரோகி. புதிய தோழர்கள் பலருக்கு இன்னும் சந்தேகத்துக்குரிய ஆள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு மாநகராட்சிப் பணி புகலிடமாக அமைந்தது. 1920இல் சுற்றியிருந்த சிறு நகரங்களும் கிராமங்களும் இணைக்கப்பட்டு ஏறத்தாழ 40 லட்சம் பேர் கொண்டதாக பெர்லின் விரிந்திருந்தது. காகிதத்தில் ஒரே நகரம். நடைமுறையில் சிதறிக் கிடந்தது. அதைத் தைத்துச் சேர்க்கும் நூலாகவே ராய்ட்டர் ரயிலையும் டிராமையும் கண்டார். வடக்கே கெசுண்ட்புருன்னனையும் தெற்கே நொய்கோல்னையும், இரண்டு தொழிலாளர் பேட்டைகளை, இணைக்கும் சுரங்கப் பாதை அந்த ஆண்டுகளில் வெட்டப்பட்டது. அலெக்சாண்டர் சதுக்கத்திலிருந்து கிழக்கே ஃபிரீட்ரிக்ஸ்ஃபெல்டே வரையிலான தடம் 1930 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1929இல் மேயர் குஸ்டாவ் பியோஸ், துணி வியாபாரிகள் சம்பந்தப்பட்ட ஊழல் விவகாரத்தில் சிக்கிப் பதவி இழந்தார். ராய்ட்டர்மீது கறை படியவில்லை.

1931இல் மக்டபுர்க் நகரம் அவரைத் தன் மேயராகத் தேர்ந்தெடுத்தது. பொருளாதாரம் நொறுங்கிய நேரம். ஆலைகள் மூடிக்கிடந்தன, நகராட்சிக் கஜானா காலி. அங்கே அவர் விட்டுச்சென்றவற்றில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது குடிதண்ணீர். மக்டபுர்க் எல்பே நதி நீரைக் குடித்துக்கொண்டிருந்தது. நதியின் மேற்பகுதியில் இருந்த பொட்டாஷ் சுரங்கங்களின் உப்புக் கழிவு நதியில் கலந்து தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. நகரத்துக்கு வடக்கே கோல்பிட்ஸ் காட்டுப் பகுதியின் அடியிலிருந்து நல்ல நீரை எடுத்துவரும் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. பணமில்லாத காலத்தில், கடன்காரர்கள் வாசலில் நிற்கும்போது, நிலையத்தைக் கட்டிமுடிப்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். வேலையற்றவர்கள் தாங்களே வீடு கட்டிக்கொள்ள நகராட்சி நிலமும் பொருளும் கொடுத்தது. குளிர்காலத்தில் நிதி திரட்டி உணவும் நிலக்கரியும் வழங்கினார்கள்.

1933 மார்ச்சில் நாஜிப் படையினர் நகர்மன்றக் கட்டடத்துக்குள் புகுந்து மேயரை வெளியேற்றினார்கள். ஜூனில் கைது. எல்பே கரையில் பழைய கோட்டை ஒன்றில் அமைக்கப்பட்ட லிஷ்டன்புர்க் வதைமுகாம். 1934 தொடக்கத்தில் விட்டார்கள்; ஜூனில் மறுபடி பிடித்தார்கள்; செப்டம்பரில் மறுபடி விட்டார்கள். அங்கே நடந்ததைப் பற்றி அவர் அதிகம் பேசியவர் இல்லை. 1935 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கிருந்து அதே ஆண்டு அங்காராவுக்கு.

துருக்கிக் குடியரசு புதிது. அட்டதுர்க்கின் அரசு, ஜெர்மனியிலிருந்து துரத்தப்பட்ட பேராசிரியர்களையும் நிபுணர்களையும் கைநீட்டி வரவேற்றது. ராய்ட்டர் முதலில் அமைச்சகத்தில் கட்டண, போக்குவரத்து ஆலோசகர். 1938 முதல் மாவட்ட ஆட்சி அதிகாரிகளை உருவாக்கும் உயர்கல்லூரியில் நகரியல் பேராசிரியர். வந்த சில ஆண்டுகளில் துருக்கி மொழியிலேயே வகுப்பெடுத்தார், உள்ளாட்சி பற்றித் துருக்கியில் பாடநூல் எழுதினார். தாய்நாடு இழந்த ஒருவர் அந்நிய நாட்டு இளைஞர்களுக்குக் குப்பை அள்ளுவதையும் வீட்டுமனைச் சட்டத்தையும் நகராட்சி வரவுசெலவையும் 8 ஆண்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. பதவியும் மேடையும் இல்லாத இடத்திலும் அவருக்கு நகரம் வேண்டியிருந்தது. 1943இல் அமெரிக்காவில் இருந்த எழுத்தாளர் தாமஸ் மானுக்கு எழுதி, நாடுகடந்த ஜெர்மானியர்களின் குரலாக முன்வரும்படி கேட்டுக்கொண்டார். இளைய மகன் எட்சார்ட் அங்காராவில்தான் வளர்ந்தான். பிற்காலத்தில் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தின் தலைவரானவர் அவர்.

போர் முடிந்து ஒன்றரை ஆண்டு வரை நேச நாடுகள் அவருக்குத் திரும்பும் அனுமதி தரவில்லை. 1946 நவம்பர் கடைசியில் பெர்லின் வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய மாதம் நகரத் தேர்தல் நடந்திருந்தது. சமூக ஜனநாயகக் கட்சிக்கு நூற்றுக்கு 48.7, சோவியத் ஆதரவு பெற்ற சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சிக்கு 19.8. தங்கள் படை கைப்பற்றிய நகரத்தில் தங்கள் கட்சி மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதை சோவியத் அதிகாரிகள் மறக்கவில்லை. டிசம்பரில் ராய்ட்டருக்கு ஆட்சிக்குழுவில் பழைய துறையே கிடைத்தது. இம்முறை போக்குவரத்தோடு மின்சாரம், எரிவாயு, குடிநீர் எல்லாம் சேர்ந்து. 20 ஆண்டுக்கு முன் தானே போட்ட பாதைகள் போரில் சிதைந்திருந்ததை அவர் பார்த்தார். எந்த மின்நிலையம் எந்தப் பேட்டைக்கு வெளிச்சம் தருகிறது, அது எந்த ராணுவத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்ற கணக்கு இந்த மாதங்களில் அவருக்கு மனப்பாடம் ஆனது.

அன்றைய மேயர் ஆஸ்ட்ரோவ்ஸ்கி, சோஷலிஸ்ட் ஐக்கியக் கட்சியோடு தனியே உடன்பாடு பேசினார் என்று சொந்தக் கட்சியே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து 1947 ஏப்ரலில் அவரை இறக்கியது. ஜூன் 24 அன்று மாமன்றம் மிகப் பெரும்பான்மையோடு ராய்ட்டரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் போருக்குப் பின் நகரத்தைப் பங்கிட்டு ஆண்ட நான்கு நாட்டு ராணுவத் தளபதிகளின் குழு ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. சோவியத் தளபதி கோட்டிகோவ் மறுத்தார். துருக்கியில் நாஜித் தூதர் பாப்பெனின் தயவில் இருந்தவர் என்றெல்லாம் அவதூறு கிளப்பினார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ரஷ்ய மொழி தெரிந்த, கட்சியின் உள்விவகாரம் அத்தனையும் அறிந்த, வெளியேற்றப்பட்ட ஒரு முன்னாள் பொதுச்செயலாளரை அந்த நாற்காலியில் அவர்களால் சகிக்க முடியவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் பதவியேற்க முடியாமல் நிற்க, பொறுப்பு மேயராக ஒன்றரை ஆண்டு நகரத்தைச் சுமந்தவர் லூயிஸெ ஷ்ரோடர். பெண்கள் முதன்முதலாக வாக்களித்த 1919இல் தேசிய மன்றத்துக்குள் நுழைந்தவர். உடல் நலிந்தவர். பசியும் குளிரும் பிடித்தாட்டிய காலத்தில் பெர்லின் மக்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக எண்ணினார்கள். ராய்ட்டரின் புகழில் அவர் பெயர் மங்கிவிட்டது நியாயமில்லை. இந்தத் தொடரில் அவருக்குத் தனி அத்தியாயம் உண்டு.

1948 ஜூனில் மேற்கு மண்டலங்களில் புதிய நாணயமான டாய்ச் மார்க் வந்தது. சோவியத் தரப்பு தன் நாணயத்தை பெர்லின் முழுவதற்கும் திணிக்கப் பார்த்தது. ஜூன் 23 அன்று மாமன்றம் இதை விவாதிக்கக் கூடியபோது கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்து கட்டடத்தை நிறைத்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்த உறுப்பினர்களை அடித்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவர் ஜெனெட் வொல்ஃப். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிய யூதப் பெண்மணி. மாமன்றம் அஞ்சவில்லை, அந்தந்தப் பகுதியில் அந்தந்த ராணுவத்தின் ஆணைப்படி நாணயம் என்று தீர்மானித்தது. மறுநாள் ஜூன் 24 அதிகாலை, மேற்கிலிருந்து வரும் ரயில், சாலை, கால்வாய் எல்லாம் அடைக்கப்பட்டன. கிழக்குப் பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரமும் நின்றது. மேற்கு பெர்லினின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குக் கையிருப்பில் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான உணவு, ஒன்றரை மாத நிலக்கரி.

அமெரிக்க ராணுவ ஆளுநர் ஜெனரல் லூசியஸ் கிளே ராய்ட்டரை அழைத்தார். உடன் போனவர் 34 வயது வில்லி பிராண்ட். விமானத்தில் பொருள் கொண்டுவரப் பார்க்கிறேன், ஆனால் கஷ்டம் கடுமையாக இருக்கும், மக்கள் தாங்குவார்களா என்று கிளே கேட்டார். இத்தனை பெரிய நகரத்துக்கு விமானத்தில் சோறு போடமுடியும் என்று ராய்ட்டர் நம்பவில்லை. நிலக்கரிக் கணக்கு தெரிந்தவர் நம்பியிருக்கவும் முடியாது. ஆனாலும் விமானங்களை நீங்கள் பாருங்கள், பெர்லின் மக்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதிலின் துணிச்சலை அளக்க வேண்டுமென்றால், நாஜி ஆட்சி வீழ்ந்து அப்போது மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதை நினைக்க வேண்டும். அந்த ஆட்சிக்குக் கைதட்டிய கூட்டமும் இதே நகரத்தில் இருந்தது. அவர்கள் சுதந்திரத்துக்காகப் பட்டினி கிடப்பார்கள் என்று பந்தயம் கட்ட, அதே ஆட்சியின் வதைமுகாமில் இருமுறை கிடந்த ஒருவர் முன்வந்தார்.

ஒரு சமையலறையை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் பகலில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். அதுவும் பேட்டைக்குப் பேட்டை முறைவைத்து. ஒரு வாரம் நள்ளிரவு தாண்டி வந்தால் அந்நேரத்துக்கு எழுந்து உலை வைக்க வேண்டும், துணி தேய்க்க வேண்டும். சமைப்பதற்கு இருப்பது உலர்த்திப் பொடித்த உருளைக்கிழங்கு, பால் பவுடர், முட்டைப் பவுடர். உருளைக்கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை விமானத்தில் ஏற்றுவது வீண் என்று கணக்குப் பார்த்தார்கள். ரொட்டியாகக் கொண்டுவராமல் மாவாகக் கொண்டுவந்ததும், இறைச்சியை எலும்பு நீக்கிக் கொண்டுவந்ததும் இதே கணக்குதான். மாலை ஆறு மணிக்குச் சுரங்க ரயிலும் டிராமும் நின்றுவிடும். ராய்ட்டர் ஒரு காலத்தில் ஒன்றாக இணைத்த வண்டிகள் அவர் கண் முன்னாலேயே சாயங்காலம் பணிமனைக்குத் திரும்பின. டியர்கார்டன் பூங்காவில் போருக்குப் பிறகு மிஞ்சிய மரங்கள் அடுப்பெரிக்கப் போயிருந்தன; வெட்டிய இடத்தில் கோசும் கிழங்கும் விளைந்தன.

கிழக்குப் பகுதியில் பதிந்துகொண்டால் ரேஷன் தாராளமாகக் கிடைக்கும் என்று சோவியத் நிர்வாகம் அறிவித்தது. மேற்கு பெர்லினில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான் போய்ப் பதிந்தார்கள். விமானங்களின் எண்ணிக்கையை விட எனக்கு இந்தக் கணக்கு பெரிதாகத் தெரிகிறது.

விமானங்களின் கணக்கும் சாதாரணமில்லை. டெம்பல்ஹோஃப், காட்டோ என்று இரண்டு விமான நிலையங்கள் இருந்தன. டெகலில் மூன்றாவது ஒன்றை, ஆயிரக்கணக்கான ஆட்கள் இடிபாட்டுச் செங்கல்லைக் கொட்டி மூன்றே மாதத்தில் கட்டி முடித்தார்கள். அவர்களில் பெண்கள் பெருந்திரள். 1949 ஈஸ்டரை ஒட்டிய ஒரே நாளில் ஏறத்தாழ 1,400 விமானங்கள் சுமார் 13,000 டன் இறக்கின. மொத்தம் 2,77,000 நடைகள், 23 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. வேறொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்ததும் சோவியத் படை பிரித்து எடுத்துப்போன மேற்குப் பகுதியின் பெரிய மின்நிலையத்தைத் திரும்பக் கட்டத் தேவையான இயந்திரங்களும் விமானத்தில் துண்டு துண்டாக வந்தன. அது 1949 இறுதியில் மின்சாரம் தரத் தொடங்கியது. மேற்கு பெர்லின் இனி எவர் சுவிட்சையும் நம்பி இருக்க வேண்டியதில்லை. ராய்ட்டர் மறைந்த பிறகு அந்த மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1948 செப்டம்பர் 6 அன்று, கிழக்குப் பகுதியில் இருந்த மாமன்றக் கட்டடத்தை மறுபடி கும்பல் கைப்பற்றியது. உறுப்பினர்கள் மேற்கே இடம் மாறினார்கள். மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 9, ரைஷ்ஸ்டாக் என்ற அந்த நாடாளுமன்றக் கட்டட இடிபாட்டின் முன்னால் 3 லட்சத்துக்கு மேல் மக்கள் திரண்டார்கள். ராய்ட்டரிடம் வழக்கமான தட்டைத் தொப்பி, கைத்தடி. அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி என்று ஒவ்வொரு நாட்டு மக்களையும் பெயர் சொல்லி அழைத்து, இந்த நகரத்தைப் பாருங்கள், இந்த நகரத்தையும் இந்த மக்களையும் நீங்கள் கைவிடக்கூடாது, கைவிடவும் முடியாது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள் என்றார். "கூடாது" என்பதோடு நிறுத்தியிருந்தால் அது வேண்டுகோள். "முடியாது" என்றபோது வல்லரசுகளுக்கு அவர் கணக்குச் சொன்னார்: பெர்லின் போனால் உங்கள் சொல்லுக்கு ஐரோப்பாவில் மதிப்பு இராது. கூட்டம் கலையும்போது பிராண்டன்புர்க் வாயிலில் மோதல் வெடித்தது. உச்சியில் இருந்த செங்கொடியை இளைஞர்கள் இறக்கினார்கள். கிழக்குப் போலீஸ் சுட்டதில் ஒரு சிறுவன் இறந்தான்.

நவம்பர் 30 அன்று கிழக்கில் தனி நகராட்சியை அறிவித்தார்கள். டிசம்பர் 5 அன்று மேற்கில் தேர்தல். நூற்றுக்கு 86 பேர் வாக்களித்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 64.5 விழுக்காடு. இரண்டு நாளில் ராய்ட்டர் மேயர். சோவியத் மறுப்புக்கு இனி அங்கே இடமில்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது முழு பெர்லினுக்கு. கையில் கிடைத்தது பாதி.

இந்தப் பிளவில் ராய்ட்டருக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1948 ஜூலை தொடக்கத்தில் மேற்கு மாநில முதல்வர்கள் கோப்லென்ஸில் கூடி, மேற்கில் மட்டும் ஓர் அரசை அமைப்பதா என்று தயங்கியபோது, பெர்லின் வந்து சேரும் வரை எதையும் முடிவாகச் செய்துவிடாதீர்கள் என்று லூயிஸெ ஷ்ரோடர் மன்றாடினார். அதே மாதம் ரூடஸ்ஹைம் அருகே நடந்த அடுத்த கூட்டத்தில் ராய்ட்டர் நேர் எதிராகப் பேசினார். பிளவு ஏற்கெனவே நடந்துவிட்டது, மேற்கு வலுவாக நின்றால்தான் கிழக்கும் ஒரு நாள் வந்து சேரும் என்றார். முதல்வர்களின் தயக்கத்தை அந்தப் பேச்சு உடைத்தது. அவர் கணிப்பு பலிக்க 40 ஆண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் கிழக்கில் விடப்பட்டவர்களின் துயரமும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

கட்சித் தலைமையோடும் உரசல் ஓயவில்லை. தலைவர் கூர்ட் ஷூமாக்கர், மேற்கு ஜெர்மன் சான்சலர் அடெனாவரின் மேற்கு நோக்கிய கொள்கையை முழுமூச்சாக எதிர்த்தார். ஐரோப்பிய கவுன்சிலில் சேரவே கூடாது என்றார். சேர வேண்டும் என்றவர்கள் மூன்று மாநகரங்களை ஆண்டவர்கள். பிரேமனின் கைசன், ஹாம்புர்கின் பிரவுவர், பெர்லினின் ராய்ட்டர். முந்தைய இரு அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். துறைமுகத்துக்குக் கப்பல் வர வேண்டும், மின்நிலையத்துக்கு நிலக்கரி வர வேண்டும் என்று தினம் காலையில் கவலைப்படுகிறவர்களுக்கு எதிர்க்கட்சி வரிசையின் கொள்கைத் தூய்மை எட்டாத ஆடம்பரம். பெர்லின் கட்சிக் கிளையின் தலைவர் ஃபிரான்ஸ் நொய்மானும் ராய்ட்டரின் கூட்டணி அரசை வெறுத்தார். 1950 தேர்தலில் கட்சியின் பங்கு 44.7 ஆகக் குறைந்தது. 1951 ஜனவரியில் மேயர் தேர்வில் ராய்ட்டருக்கும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் வால்டர் ஷ்ரைபருக்கும் வாக்குகள் சமமாக விழுந்தன. ஷ்ரைபர் விலகிக்கொண்டார், மூன்று கட்சிகளும் சேர்ந்து ஆண்டன.

முற்றுகை நீங்கிய நகரம் ஏழையாக இருந்தது. 1950 தொடக்கத்தில் மேற்கு பெர்லினில் 3 லட்சம் பேருக்கு வேலையில்லை. ராய்ட்டர் பான் நகரத்துக்கு நடையாய் நடந்து அடெனாவர் அரசிடம் பணம் கேட்டார்; கிடைத்ததை இடிபாடு அகற்றும் கூலியாகவும் தொழிற்சாலைக் கடனாகவும் மாற்றினார். கிழக்கிலிருந்து அகதிகள் வந்தவண்ணம் இருந்தார்கள். 1953இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வெளியேறினார்கள், பெரும்பாலோர் பெர்லின் வழியாக. அந்த ஏப்ரலில் மரியன்ஃபெல்டேயில் அவர்களுக்கான வரவேற்பு முகாம் திறந்தது. ஜூன் 17 அன்று கிழக்கு பெர்லின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி, சோவியத் டாங்கிகள் அவர்களை நசுக்கியபோது ராய்ட்டர் வியன்னாவில் ஒரு மாநாட்டில் சிக்கியிருந்தார். திரும்ப விமானம் கிடைக்காமல் தவித்து மறுநாள்தான் வந்து சேர்ந்தார். தன் நகரத்தின் மிகக் கசப்பான நாளில் அங்கே இல்லாமல் போனது அவரை வாட்டியது.

செப்டம்பர் 29 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 64. அன்று மாலை எவரும் சொல்லாமலே மக்கள் ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். இரண்டு நாளில் க்னீ சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

துக்கம் முடிவதற்குள் கூட்டணி உடைந்தது. அக்டோபர் 22 அன்று கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சுதந்திர ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஷ்ரைபரை மேயராக்கின. சமூக ஜனநாயகக் கட்சி எதிர்வரிசைக்குப் போனது. நொய்மானின் அணி இதைப் பெரிய இழப்பாக எண்ணவில்லை. எண்ணியவர்கள் ராய்ட்டரைச் சுற்றியிருந்த இளைஞர்கள்; கிளே அறையில் 1948இல் உடன் நின்ற பிராண்ட் அவர்களில் முதன்மையானவர். கட்சிக் கிளையைக் கைப்பற்ற நொய்மானோடு அவர் நடத்திய போராட்டம் 1958 வரை நீண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1957 அக்டோபர் 3 அன்று, அவர் ராய்ட்டரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராய்ட்டரின் வாழ்க்கை வரலாற்றை ரிச்சர்ட் லோவென்டாலோடு சேர்ந்து எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்தப் போராட்டம் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)